அந்தமானில் பெரும்பாரை பிடிக்க எந்தப் படகை நம்பிப் போவது?

கோவளம்கடல் எழுதியது:

வணக்கம். நாங்கள் நான்கு நண்பர்கள். முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவா, கோவளம் பாறைகளில் சின்னப் பாரை, எண்ணூர்ப் பக்கம் ஊழி என்று சில வருடங்களாகத் தூண்டில் வீசி வருகிறோம். வரும் பிப்ரவரியில் அந்தமான் போய்ப் பெரும்பாரைக்கு, அதாவது ஜிடிக்கு (ஜயன்ட் ட்ரெவாலி), பாப்பர் (மேலே மிதந்து தண்ணீரைத் தெறிக்கவிடும் செயற்கை இரை) வீச வேண்டும் என்று ஆசை.

இரண்டு படகுக்காரர்களிடம் பேசினோம். முதலாமவர் கேட்கும் தொகை மிகவும் குறைவு. ஐம்பது கிலோ மீன் உறுதி என்கிறார், வரிசையாகப் படங்கள் அனுப்புகிறார். இரண்டாமவர் மீனைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. வெயிலில் எத்தனை மணி நேரம் நின்று வீச முடியும், எத்தனை பிஇ லைன் (பின்னிய தூண்டில் நூல், எண் கூடினால் தடிமன் கூடும்) வைத்திருக்கிறீர்கள், யாருக்காவது முதுகுவலி உண்டா என்று கேள்வியாகக் கேட்டார். கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டுத்தான் வீச வேண்டும், பாரையைப் பிடித்தால் திரும்ப விட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். எங்களில் ஒருவன், “இவ்வளவு செலவு செய்து போய் ஒரு துண்டு மீன்கூட வீட்டுக்கு வராதா?” என்று கேட்கிறான்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பவளப்பார் எழுதியது:

இரண்டாமவரிடம் போங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐம்பது கிலோ பாரையை யாராலும் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாரையின் உலக சாதனை எடை 72.8 கிலோ. 2006 மே மாதம் ஜப்பானின் தொக்காரா தீவுகளில் பிடித்தது. உலகத்தின் மிகச் சிறந்த பார்களிலேயே (கடலடிப் பாறைத் திட்டுகளிலேயே) ஐம்பது கிலோ என்பது ஆட்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும் மீன். அந்தமானில் இருபது கிலோ மீன் ஒன்று உங்கள் கையில் வந்தால் அதுவே கொண்டாட வேண்டிய நாள். முப்பது என்றால் வாழ்நாள் முழுக்கப் பேசுவீர்கள். இது தெரிந்தும் ஒருவர் ஐம்பது என்று சொன்னால், கடலைப் பற்றி அவர் சொல்லப்போகும் மற்ற வார்த்தைகளையும் அதே அளவுக்குத்தான் நம்பலாம்.

நீங்கள் பணம் கொடுப்பது படகுக்கு இல்லை. படகை எங்கே, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்று தெரிந்த தலைக்குக் கொடுக்கிறீர்கள். பாரை நாள் முழுக்க மேயும் மீன் இல்லை. ஆழத்திலிருந்து எழும் பாரின் விளிம்பில் நீரோட்டம் வந்து மோதும்போது சின்ன மீன்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த நேரத்தில்தான் பாரை மேலே ஏறி வரும். ஓட்டம் நின்றுவிட்டால் அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும். ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) எப்போது திரும்பும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும் நாட்களில் எந்தப் பாரில் வீச முடியும், எந்தப் பாரில் படகை நிறுத்தவே முடியாது என்பதெல்லாம் நல்ல வழிகாட்டிக்கு அத்துப்படி. அதனால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “நாங்கள் வரும் தேதியில் ஓதம் எப்படி இருக்கும், காலையில் எங்கே தொடங்குவீர்கள், ஓட்டம் நின்றபின் என்ன செய்வோம்?” பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, மீன் கவ்விய பிறகு படகை ஓட்டுவது யார்? இதைப் பலர் கேட்பதில்லை. பாரை கவ்வியதும் நேரே பாறைக்குள் ஓடும். முதல் பத்துப் பதினைந்து வினாடிதான் எல்லாமே. அந்த நேரத்தில் ஓட்டுநர் படகைப் பாரிலிருந்து விலக்கி ஆழத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், படகு அசையாமல் நின்றால் பவளத்தில் உரசி லைன் அறுந்துவிடும். ஒரே ஆள் ஓட்டி, அவரே வந்து மீனையும் தூக்கி, அவரே படமும் எடுக்கிற படகில் ஏறாதீர்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வீசலாம்? நூற்றைம்பது கிராம் பாப்பர் காற்றில் பறக்கும்போது அதில் கொக்கியும் சேர்ந்துதான் பறக்கிறது. நான்கு பேரும் ஒன்றாக வீசலாம் என்று சொல்கிறவர் உங்கள் கண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை. முன்னால் இரண்டு பேர், மற்றவர்கள் ஓய்வு, அப்புறம் மாற்றம் என்பதுதான் முறை. எப்படியும் உங்களுக்கு ஓய்வு தேவைப்படும். அந்த எடையை எட்டடிக் கம்பில் காலை முழுக்க வீசி, ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் தெறிக்கவிட்டு இழுப்பது பெரிய உடல் உழைப்பு.

ஓட்டம் நின்ற நேரத்தில் ஆழத்தில் ஜிக் (ஆழத்தில் இறக்கி ஆட்டி இழுக்கும் கனமான உலோக இரை) போடச் சொல்வார்கள். களவா, நாய்ப்பல் சூரை எல்லாம் அப்போது கிடைக்கும். அதற்குத் தனிக் கம்பு வேண்டும்.

தூத்தூர்க்காரன் எழுதியது:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மீனை விளையாட்டாகப் பிடிக்கும் வழக்கம் இல்லை. அப்பா, சித்தப்பா எல்லாரும் ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் நிறையக் கொக்கிகள் கட்டியது) சுறாவும் கேரையும் (பெரிய சூரை வகை) பிடித்தவர்கள். வாரக்கணக்கில் கரையைப் பார்க்காமல் கிடந்து, பனிக்கட்டி தீர்வதற்குள் மீன் நிறைய வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். பெரிய மயில் மீனோ கொப்பரனோ (இரண்டும் வாள் போன்ற மூக்குள்ள மீன்கள்) ஏறினால் அது ஒரு வீட்டின் பள்ளிக் கட்டணம்.

சாப்பிடவும் விற்கவும் பிடிப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. கொக்கியில் மாட்டி, இழுத்துக் களைக்க வைத்து, படம் எடுத்துவிட்டு, பிறகு தண்ணீரில் விடுவதை மீனுக்குச் செய்யும் நல்லது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விட்ட மீன் எல்லாம் பிழைக்கிறதா? அதற்கு யாராவது உண்மையான பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ரோம்பின்வாசி எழுதியது:

தூத்தூர் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. மலேசியாவில் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பகாங் மாநிலத்தில் கோலா ரோம்பின் என்று ஓர் ஊர். தென்சீனக் கடலோரம். மயில் மீனுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த இடம். ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் கூட்டமாக வரும். காலையில் கிளம்பி, முதலில் சின்னக் கொக்கிச் சரத்தில் உயிர் இரை பிடித்துக்கொள்வோம். அப்புறம் பறவைகள் எங்கே தண்ணீரில் விழுகின்றன என்று பார்த்துக்கொண்டே போய், இரையை உயிரோடு விடுவோம். மயில் மீன் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு மேலே வரும்போது அதன் உடம்பில் நீலக் கோடுகள் மின்னும். பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

அங்கே வழிகாட்டிகள் மயில் மீனை விட்டுவிடத்தான் சொல்வார்கள். ஏன் என்று ஒரு படகோட்டியிடம் கேட்டேன். கரைக்குக் கொண்டுபோனால் ஒரு தடவைதான் காசு, கடலில் இருந்தால் வருகிற ஒவ்வொரு படகுக்கும் காசு என்றார். அவர் முன்பு வலைத்தொழில் செய்தவர்.

பிழைக்குமா என்ற கேள்விக்கு: எல்லாம் பிழைக்காது. ஆனால் எத்தனை பிழைக்கும் என்பது பெரும்பாலும் படகில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. முனை உள்பக்கம் வளைந்த வட்டக் கொக்கி போட்டால் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். அமெரிக்காவில் அட்லாண்டிக் பக்கம் நடக்கும் வாள்மூக்கு மீன் போட்டிகளில் இயற்கை இரை போட்டால் வட்டக் கொக்கிதான் போட வேண்டும் என்று 2008லிருந்தே சட்டம். நீளமான மயில் மீனைப் படகுக்குள் தூக்கி மடியில் போட்டுப் படம் எடுக்கும் பழக்கம்தான் அதைக் கொல்லும். படகோரம் தண்ணீரில் வைத்தே கொக்கியை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு படகை மெதுவாக நகர்த்தி, செவுளில் தண்ணீர் ஓடவிட்டு, அது தானாக உதறும்போது விட வேண்டும். இதைச் செய்யப் பொறுமை இல்லாத வழிகாட்டி மீனை விடுகிறேன் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

பவளப்பார் எழுதியது:

தூத்தூர் அண்ணா, நீங்கள் கேட்டதை மறுக்க எனக்கு விருப்பம் இல்லை. மீனுக்கு நல்லது செய்கிறோம் என்று நானும் சொல்லமாட்டேன். பிடிக்க ஆசைப்படுகிறோம், அந்த ஆசைக்காக மீன் அழியக்கூடாது என்று முயல்கிறோம். அவ்வளவுதான்.

பெரும்பாரை விஷயத்தில் இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது சுமார் 60 செ.மீ. வளர்ந்தபின், மூன்று நான்கு வயதில்தான் முதல் முறை முட்டையிடத் தயாராகிறது. நாம் ஆசைப்படும் மீன் அதைவிடப் பல வருடம் மூத்தது. கேரை போலப் பெருங்கடல் முழுக்கத் திரியும் மீனும் இல்லை. ஒரு பகுதியின் பார்களிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பாரில் இருக்கும் பெரிய மீன்களைச் சில பருவம் தொடர்ந்து எடுத்துவிட்டால் அந்தப் பார் காலியாகிவிடும்.

கோவளம்கடல், உங்கள் நண்பருக்கு ஒரு செய்தி. பவளப் பாரில் வாழும் பெரிய பாரை, பெரிய ஊழி, பெரிய களவா இவற்றைச் சாப்பிடுவதில் ஆபத்து உண்டு. பவளத்தின் மேல் படரும் நுண்பாசியிலிருந்து வரும் சிகுவாட்டெரா என்ற நஞ்சு, சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன மேலே சேர்ந்துகொண்டே போகும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மணமும் சுவையும் மாறாது. வாந்தி, பேதியோடு கைகால் மரத்துப்போவது, குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போலத் தெரிவது எல்லாம் வரும். வாரக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். எல்லா மீனிலும் இருக்காது, ஆனால் எதில் இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை. அதனால் பாரையை விடுங்கள். வழியில் ட்ரோலிங்கில் (படகு ஓடும்போதே பின்னால் இரையை இழுத்துச் செல்வது) வஞ்சிரமோ சூரையோ விழுந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்பே கேளுங்கள். சூரையை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரை வேறு வகையில் உடம்பைக் கெடுக்கும்.

பாரையைப் படகுக்குள் எடுத்தால் ஈரத் தளத்தில் வையுங்கள். செவுளில் கைவிட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுக்க வேண்டாம். இருபது கிலோ உடம்பு முழுவதும் அந்த ஒரு இடத்தில் தொங்கினால் உள்ளுறுப்புகள் கிழியும். வால் பக்கம் ஒரு கை, வயிற்றுக்குக் கீழே ஒரு கை. ஒரு படம். உடனே தண்ணீர்.

தூத்தூர்க்காரன் எழுதியது:

நன்றி. நேராகப் பதில் சொன்னீர்கள். என் கருத்து முழுக்க மாறவில்லை, ஆனாலும் நீங்கள் எதற்காகச் செய்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது.

அப்படியானால் கடல்காரனாக என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். மீனைப் பற்றி இவ்வளவு கேட்கும் தம்பி, படகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே. எஞ்சின் ஒன்றா இரண்டா? ஒன்று நின்றால் இன்னொன்றில் கரை சேர முடியுமா? போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, நிற்க ஒரு பங்கு என்று எண்ணெய் இருக்கிறதா? விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா என்று உங்கள் முன்னால் பேசிக் காட்டச் சொல்லுங்கள். உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் பூட்டி இருக்கக்கூடாது.

2017 நவம்பர் 30 எங்கள் கரைக்கு என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒக்கி புயல் வரும்போது எங்கள் ஆட்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பி வராதவர்களின் வீடுகள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. அதனால் சொல்கிறேன், காலையில் வானத்தைப் பார்த்து “இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்லும் தைரியம் உள்ள ஆளோடு போங்கள். வானிலையால் கடலுக்குப் போக முடியாமல் போனால் பணம் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பணம் திரும்பாது என்று இருந்தால் வாடிக்கையாளரே படகோட்டியைக் கடலுக்குள் தள்ளுவார். அதுதான் பெரிய ஆபத்து.

பிளேர்முனை எழுதியது:

தூத்தூர் அண்ணன் சொன்ன கடைசி வரி முக்கியம். நான் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவன். 2024லிருந்து ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம், ஆனால் பேச்சில் இன்னும் பிளேர்தான். ஒரு முறை இங்கே ஒரு படகில் போனபோது, காற்று ஏறிய பிறகும் வந்திருந்த விருந்தினர்கள் இன்னும் ஒரு பார், இன்னும் ஒரு பார் என்று நச்சரித்தார்கள். ஓட்டியவரும் மறுக்கவில்லை. திரும்பும் வழி முழுக்க உள்ளே வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தோம். அந்தப் படகில் மறுபடி ஏறவில்லை.

பருவம் பற்றி: தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் பிடித்தால் அக்டோபர் வரை கடல் கரடுமுரடு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று கொஞ்சம் இருக்கும், தீவுகளின் மேற்கு ஓரத்தில் ஒதுங்கி வீசலாம்.

ஆனால் மேற்கில் எங்கே என்பதில் கவனம். தெற்கு, நடு அந்தமானின் மேற்குக் கரையில் ஜாரவா காப்பகம் இருக்கிறது. கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் கடலும் அதில் சேர்த்தி. வட சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல்மைலுக்குள் யாரும் போகக்கூடாது. 2018இல் ஒரு அமெரிக்கரை அங்கே கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அந்த மக்களுக்கு நம் சளிக் காய்ச்சலே எமன், சட்டம் இல்லாவிட்டாலும் போகக்கூடாத இடம் அது. வண்டூர் பக்கம் இருக்கும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, ராணி ஜான்சி பூங்கா இரண்டிலும் தூண்டில் போடக்கூடாது. நிக்கோபார் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. “ரகசிய இடம் ஒன்று இருக்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மீன்வளத் துறை அனுமதிச் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

பாரன் தீவு வரை போக வேண்டும் என்று பலர் கேட்பார்கள். இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை, பிளேரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர். தீவைச் சுற்றிக் கடல் சட்டென்று ஆழமாகிவிடும் என்பதால் நாய்ப்பல் சூரைக்குப் பெயர்போன இடம். நீளமான பயணம், அனுமதி வேண்டும், கரை இறங்க முடியாது. முதல் தடவை வருகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வழிகாட்டிகளில் கரேன் இனத்தவர் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏறுங்கள். 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். இந்தக் கடலை அவர்களைப் போலப் படித்தவர்களை நான் பார்த்ததில்லை.

தீவை விட்டு விலகினால் செல்ஃபோன் வேலை செய்யாது. செயற்கைக்கோள் ஃபோனை நீங்களாக எடுத்து வராதீர்கள், அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கடலோரக் காவல்படையின் எண் 1554, கரையில் இருக்கும் உங்கள் வீட்டாருக்கும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அலைமகள் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் எடை ஐம்பது கிலோகூட இல்லை. ராமேஸ்வரத்தில் கரையிலிருந்து வீசிப் பழக்கம் உண்டு. இந்த மாதிரி மீனுக்கு நான் ஆசைப்படலாமா? இரண்டு இடத்தில் கேட்டேன், “மேடம் நீங்கள் ட்ரோலிங் செய்யுங்கள்” என்றே சொல்கிறார்கள்.

தூண்டில்முடிச்சு எழுதியது:

தாராளமாக ஆசைப்படலாம் சகோதரி. அப்படிச் சொன்னவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பொறுமை இல்லை என்றுதான் அர்த்தம். பிஇ6 அளவில் சற்று லேசான கம்பு, நூறு கிராமுக்குள் ஸ்டிக்பெயிட் (குச்சி வடிவச் செயற்கை இரை). இடுப்பில் கம்பின் அடியைத் தாங்கும் பெல்ட் கட்டாயம். கையால் இழுக்காதீர்கள், முழங்காலை மடக்கி உடம்பை பின்னால் சாய்த்துத் தூக்குங்கள், கம்பு இறங்கும்போது சுற்றுங்கள். கம்பைச் செங்குத்தாக நிமிர்த்தினால் நுனியில் ஒடிந்துவிடும், பாதிச் சாய்வுக்கு மேல் போக வேண்டாம். ட்ராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நூலைப் பிடிக்கும் இறுக்கம்) எட்டுக் கிலோவுக்கு வைத்துத் தொடங்குங்கள். நல்ல ஓட்டுநர் படகாலேயே உங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடுவார்.

கோவளம் நண்பர்களுக்கு: எட்டடிக்குள் பாப்பிங் கம்பு, பிஇ8 பிரெய்டு முந்நூறு மீட்டர், நூற்றெழுபது இருநூறு பவுண்டு தங்கூஸ் லீடர் (இரைப் பக்கம் கட்டும் தடித்த நூல்), இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. இந்த முடிச்சை ஆடும் படகில் போட முயலாதீர்கள், வீட்டில் பழகிக் கை தானாகப் போடும்வரை போடுங்கள். ட்ராக் பத்துக் கிலோ, கையால் இழுத்து ஊகிக்காமல் தொங்கு தராசில் இழுத்துப் பாருங்கள். பாப்பரோடு வரும் மும்முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போடுங்கள், எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்குங்கள். லைன் தொய்யாத வரை முள் இல்லாததால் மீன் தப்பிவிடாது. ஆனால் அதே கொக்கி நண்பனின் தோளில் ஏறினால், மருத்துவமனை பல மணி நேரம் தள்ளி இருக்கும்போது, நசுக்கிய முள்ளின் அருமை தெரியும்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். கம்பும் ரீலும் படகில் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காசைப் பாப்பர், லீடர், போலரைஸ்டு கண்ணாடி, கையுறை இவற்றில் போடுங்கள். வாந்தி வரும் உடம்பு என்றால் மருத்துவரிடம் கேட்டு முந்தின இரவே மாத்திரை போடுங்கள், தலை சுற்றத் தொடங்கியபின் போட்டால் பலன் இல்லை.

கோவளம்கடல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு பேரையும் மறுபடி அழைத்து இங்கே சொன்ன கேள்விகளையே கேட்டோம். முதலாமவர் ஓதம் பற்றிக் கேட்டதும் “அதெல்லாம் அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்றார். இரண்டாமவர் எங்கள் தேதியைக் கேட்டு, அதை நான்கு நாள் தள்ளி அமாவாசையை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். இரட்டை எஞ்சின், ஓட்ட ஒருவர், வழிகாட்ட ஒருவர். இருவருமே மாயாபந்தர்க்காரர்கள். வானிலையால் நின்றால் வேறு தேதி அல்லது பணம் திரும்ப என்று எழுதியே அனுப்பிவிட்டார். சூரை விழுந்தால் ஒன்று சமைக்கலாம் என்றதும் எங்கள் நண்பனும் சம்மதித்துவிட்டான்.

தூத்தூர் அண்ணா, உயிர்காப்புச் சட்டை அவரிடம் இருக்கிறது, இருந்தாலும் எங்கள் அளவுக்கு நான்கை இங்கிருந்தே கொண்டுபோகிறோம். அலைமகள் சகோதரி, அவரிடம் உங்களைப் பற்றியும் கேட்டேன். பெல்ட்டும் பிஇ6 கம்பும் அவரிடமே இருக்கிறதாம், மார்ச்சில் இடம் இருக்கிறது என்றார். எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை முட்டுக்காட்டில் எஃப்ஜி முடிச்சு போட்டுப் பழகப் போகிறோம். சென்னையில் இருப்பவர்கள் வாருங்கள். தராசு யாரிடமாவது இருந்தால் எடுத்து வரவும்.